எங்கட ஊருக்கு வரலாறு இல்லையா? குளக்கட்டிலிருந்து தொடங்கும் ஒரு தேடல்

பாலையடி | ஓகஸ்ட் 11, காலை

கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எண்டு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னட்டை விட்டிருக்கினம். வன்னியில துணுக்காய்ப் பக்கம். அறுபது ஏக்கர் வயல், ஒரு சின்னக் குளம், நூறு குடும்பம் வராது. விசாரிச்ச ஆக்கள் எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லுகினம்: 1950-களில காடு வெட்டி வந்து இருந்த ஊர், அதுக்கு முன்னால ஒண்டும் இல்லை. அப்ப எதை எழுதுறது? வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றி ரெண்டு பக்கம், கோயிலைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதி முடிக்கலாம் எண்டு நினைக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ.

அலைகரை | ஓகஸ்ட் 11, பின்னேரம்

பிழை. காடு வெட்டி வந்தவர்கள் குளத்தைக் கட்டினவையா, திருத்தினவையா? அதை முதலில் கேளுங்கோ.

பாலையடி | ஓகஸ்ட் 11, இரவு

திருத்தினதாம். அம்மம்மா சொல்லுறா, கட்டு உடைஞ்சு கிடந்ததாம், கட்டுக்கு மேல பாலையும் மருதும் கட்டிப்பிடிக்கேலாத மொத்தத்தில நிண்டதாம்.

அலைகரை | ஓகஸ்ட் 12

அப்படியென்றால் உங்கட ஊருக்கு ஆட்கள் வந்தது 1950-களில். ஊர் அதற்கு முன்பே இருந்தது, இடையில் ஆளில்லாமல் கிடந்தது. வன்னியில் பாதி ஊர்களின் கதை இதுதான். கட்டில்லாத இடத்தில் ஆள் இருந்திருக்க முடியாது. மழை ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு மாட்டுக்கும் மனிசருக்கும் தண்ணீர் வேணுமென்றால் மண்ணை அணைத்து மறித்தே ஆகவேணும். ஆகவே குளம்தான் உங்களுடைய முதல் ஆவணம்.

இப்போது ஓகஸ்ட். சின்னக் குளம் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பின்வரும் ஒழுங்கில் நடவுங்கோ.

கட்டின் ஒரு முனையில் தொடங்கி மற்ற முனை வரை, முதலில் கட்டின் தலையால் போங்கோ. நூறடி நாடாவோடு இரண்டு பேர் போதும். ஒவ்வொரு நூறடிக்கும் நின்று மூன்று விசயம் எழுதவேணும்: கட்டின் உயரம், தலையின் அகலம், என்ன மரம் நிற்கிறது. திரும்பி வரும்போது வயல் பக்கத்து அடிவாரத்தால் வாருங்கோ. மண் எங்கே ஈரமாய்க் கிடக்கிறது, எங்கே புல் பச்சையாய் இருக்கிறது என்று பாருங்கோ. ஓகஸ்டில் கட்டின் காலில் பச்சைப் புல் நின்றால் அங்கே கசிவு.

அடுத்தது கிடங்குகள், அதாவது குழிகள். புல்டோசர் கட்டின கட்டென்றால் மண் எடுத்த கிடங்குகள் பக்கத்திலேயே, ஓரம் கூர்மையாய்த் தெரியும். கூடையால் மண் சுமந்த பழைய கட்டுக்கு அப்படித் தெரியாது, தூர்ந்து போயிருக்கும். 1950-களில் திருத்தின கட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகடியில், கட்டை வெட்டின இடம் எங்காவது திறந்து தெரிந்தால் மண் படைகளைப் பாருங்கோ. கீழே இறுகின பழைய மண், மேலே நிறம் மாறின புது மண்.

மூன்றாவதுதான் எனக்கு ஆக முக்கியமாய்ப் படுவது. கட்டு நேராய் வந்துகொண்டிருந்து, ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைந்து போகுதா பாருங்கோ. வளைவுக்கு அருகில் ஆழமான ஒரு கிடங்கும் கிடந்தால், அது பழைய உடைப்பு. கட்டு உடையும்போது பாய்கிற தண்ணீர் அந்த இடத்தைப் பத்துப் பதினைந்தடிக்குக் குடைந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பி நேரே கட்டுவதற்கு மண் காணாது. அதனால் பள்ளத்தைச் சுற்றி வளைத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு வெள்ளம்.

நாவலடி | ஓகஸ்ட் 12

அலைகரை சொன்னதோட இதையும் சேருங்கோ தம்பி. துருசின்ர சீமெந்துச் சுவரில வருசம் பொறிச்சிருக்கும். அதைப் பாத்திட்டுக் “குளம் கட்டிய ஆண்டு” எண்டு எழுதிப்போடாதேங்கோ. நிறைய மலர்களில இந்தப் பிழை இருக்கு. அது துருசு புதுசாப் போட்ட வருசம். வன்னியில ஒரு குளத்துக்கு மூண்டு நாலு தரம் துருசு மாறியிருக்கும். பழசு கல்லு, பிறகு செங்கல், பிறகு சீமெந்துக் குழாயும் இரும்புக் கதவும்.

துருசடியில நிண்டு குழாயின்ர அடிமட்டத்துக்கும் குளத்தின்ர ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் எத்தினை அடி வித்தியாசம் எண்டும் அளவுங்கோ. பிறகு தேவைப்படும்.

பாலையடி | ஓகஸ்ட் 13

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போறம். அதுக்கிடையில ஊர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்லுங்கோ. எங்களைச் சுத்தி எல்லாம் குளம், மடு, முறிப்பு எண்டுதான் முடியுது.

அலைகரை | ஓகஸ்ட் 14

பெயரில் தண்ணீர் எந்த வடிவில் நின்றது என்பது இருக்கிறது.

குளம் என்றால் கட்டினது: மாங்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம். மடு என்றால் ஆற்றிலோ அருவியிலோ தானாக உண்டான ஆழமான இடம், கோடையிலும் தண்ணீர் நிற்கும்: விசுவமடு, கல்மடு, கற்சிலைமடு, இரணைமடு. இரணை என்றால் இரட்டை. மோட்டை என்றால் சின்னத் தாழ்வு, மழைத் தண்ணீர் தேங்கிச் சீக்கிரம் வற்றும். கேணி வெட்டினது: நெடுங்கேணி, கணுக்கேணி. கட்டு என்றால் அணை: முத்தையன்கட்டு, உடையார்கட்டு. முறிப்பு என்றால் கட்டு முறிந்த இடம்: தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு, மூன்றுமுறிப்பு, கரிப்பட்டமுறிப்பு.

இன்னொரு வகையும் உண்டு. ஒட்டுசுட்டானை எடுங்கோ. குரக்கன் (கேழ்வரகு) அறுத்த பிறகு நிற்கிற தாளுக்கு ஒட்டு என்று பெயர். அந்த ஒட்டைச் சுட்ட இடத்தில் லிங்கம் கண்டெடுத்ததாகத் தான்தோன்றீசுவரர் கோயிலின் ஐதீகம். ஐதீகத்தை நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் அங்கே காட்டை வெட்டிச் சேனைப் பயிராய்க் குரக்கன் போட்டார்கள், அறுத்த பிறகு தாளை எரித்தார்கள் என்ற பயிர்ச்செய்கை முறை அந்தப் பெயருக்குள் அப்படியே கிடக்கிறது.

உங்கட ஊருக்கு வெளிப்பெயரைவிட உட்பெயர் பெறுமதி. வயல்வெளியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். அதை அம்மம்மா வயதுக்காரரிடம் இந்த வருசமே எழுதி எடுங்கோ. இரண்டு பேரிடம் தனித்தனியாய்க் கேட்டு ஒப்பிடவேணும். ஒன்றாய் இருத்திக் கேட்டால் சத்தமாய்ப் பேசுகிறவர் சொல்வதுதான் எழுத்தில் வரும்.

கடைவயல் | ஓகஸ்ட் 14

முறிப்பு எண்டால் உடைஞ்ச குளம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. முத்தையன்கட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில பெரிய குளங்களில ஒண்டு தண்ணிமுறிப்பு. ஓடுற தண்ணியை மறிச்சுத் திருப்பின இடத்துக்கும் அப்பிடிப் பெயர் வந்திருக்கலாம் எல்லோ?

அலைகரை | ஓகஸ்ட் 15

கடைவயல் சொல்வது நியாயம். நேற்று எழுதினதில் ஒரு சொல்லைத் திருத்துகிறேன்: முறிப்பு என்பது கட்டு முறிந்த நினைவாக இருக்கலாம். பெயர் ஒரு சந்தேகத்தை எழுப்பும், சாட்சியாகாது. கட்டில் வளைவும் கிடங்கும் இருந்தால்தான் உறுதி.

பாலையடி | ஓகஸ்ட் 19

அளந்தாச்சு. கட்டு 2,200 அடி நீளம். துருசடியில 12 அடி உயரம், ரெண்டு முனையிலயும் 4 அடிக்குக் குறைஞ்சு போகுது. தலை அகலம் சில இடத்தில 8 அடி, மாடு ஏறி இறங்கிற இடத்தில 5 அடிதான், அங்க கட்டும் ஒண்டரை அடி பதிஞ்சு கிடக்கு. வளைவு ஒண்டு இருக்கு! துருசுக்குக் கிழக்கால ஏறத்தாழ 400 அடியில. வயல் பக்கமா ஒரு கிடங்கு, நாங்கள் சின்னனில முதலைமடு எண்டு பயந்த இடம். குளம் நிறைஞ்சால் 40 ஏக்கர் மூடும், ஆழம் 8 அடி எண்டு ஊரில சொல்லுகினம். துருசின்ர அடிமட்டத்துக்குக் கீழ ரெண்டடி கிடக்கு.

அலைகரை | ஓகஸ்ட் 20

உங்கட நாலு பக்கத்தில் முதல் பக்கம் வந்துவிட்டது. இப்போது கணக்கு.

சின்னக் குளத்தின் கொள்ளளவுக்குக் கண்ணளவு ஒன்று உண்டு: நிறைந்த நேரத்துப் பரப்பு × ஆகக்கூடிய ஆழம் × 0.4. குளம் சட்டிபோல இருப்பதால் முழுப்பெருக்கத்தை எடுக்கக்கூடாது. உங்களுக்கு 40 × 8 × 0.4 = 128 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 3 ஏக்கர் அடி வேணும். 128-ஐ மூன்றால் பிரித்தால் 42 ஏக்கர். உங்களிடம் அறுபது ஏக்கர். ஆகவே பதினெட்டு ஏக்கர் குளத்துக்கு மீறின வயல்.

நாவலடி | ஓகஸ்ட் 20

இல்லை. காலபோகத்தில வயலுக்கு மேலயும் மழை பெய்யுது, குளத்துக்கும் தண்ணி வந்துகொண்டிருக்குது. நவம்பரில திறந்து விட்டது டிசம்பரில திரும்ப நிறையும். 42 எண்டது ஒரு சொட்டு மழையும் பெய்யாத கணக்கு. அறுபது ஏக்கர் எண்டு வகுத்த ஆக்கள் கணக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்.

அலைகரை | ஓகஸ்ட் 21

நாவலடி சொல்வது சரி. நான் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குப் பார்க்கிற மாதிரிக் காலபோகத்தைப் பார்த்துவிட்டேன். திருத்தி எழுதுகிறேன்.

காலபோகத்தில் குளம் மழை இடைவெளிக்குத்தான் காவல். நெல் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும்போது பன்னிரண்டு நாள் மழை இல்லையென்றால் அப்போது துருசு திறக்கவேணும். அறுபது ஏக்கருக்கும் அது காணும். சிறுபோகம்தான் வேறு. அதற்கு ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர் அடி, மழை கிடையாது. அதற்குள் ஆவியாதல் வேறு. மாசி தொடக்கம் ஐந்து நாளைக்கு ஓர் அங்குலம் வெயில் குடிக்கும். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் அதற்கும் மேலே. ஆகவே போகம் முடிந்து குளத்தில் 6 அடி நின்றாலும் பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்கு மேல் விதைக்க நினைக்கக்கூடாது.

அந்தப் பத்து ஏக்கர் யாருடையது? இதுதான் ஊரின் அரசியலும் நீதியும். துருசுக்குக் கிட்ட உள்ள வெளியை மட்டும் எடுத்து, அறுபது ஏக்கர்க்காரர் எல்லோருக்கும் பங்கு வைத்து விதைப்பதுதான் முறை. மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு அரை ஏக்கர் வரும், தன் காணியில் அல்ல, முன்வயலில். இரணைமடுவின் கீழும் சிறுபோகம் பங்குக் கணக்கில்தான் போகிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்து, தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, கடைசித் தண்ணீர்த் திகதி மூன்றையும் எழுதுவார்கள். உங்கட கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கோ. எந்த வருசம் சிறுபோகம் கைவிடப்பட்டது என்று அதிலிருந்து ஒரு வரண்ட வருசப் பட்டியலே எடுக்கலாம்.

துருசுக்குக் கீழே கிடக்கிற அந்த இரண்டடியை வயலுக்கு எடுக்கவே ஏலாது. அளவில் அது மிகக் கொஞ்சம். ஆனால் ஓகஸ்டில் மாடு குடிப்பதும் கிணறுகள் முழுக்க வற்றாமல் நிற்பதும் அதனால்தான்.

பாலையடி | ஓகஸ்ட் 21

கிணறு எண்டதும் ஒரு கேள்வி. வீடுகள் எல்லாம் ஏன் கட்டின்ர ஒரு முனையில மட்டும் கிடக்குது?

அலைகரை | ஓகஸ்ட் 22

மேட்டில் வீடு, தாழ்வில் வயல், இரண்டுக்கும் நடுவில் கட்டு. கட்டின் முனை இயல்பாகவே மேட்டைத் தொட்டுத்தான் முடியும். அங்கே வெள்ளம் ஏறாது, ஆனால் குளத்துக் கசிவு கிணற்றுக்கு வரும். மற்ற முனையில் வான், அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்து போகும் இடம், இருக்கும், அங்கே வீடு வைக்க ஏலாது. போய்ப் பாருங்கோ, உங்கட வான் வீடுகளுக்கு எதிர் முனையில்தான் இருக்கும்.

மண்ணும் அதே ஒழுங்கில் மாறும். மேட்டில் செங்கபில மண், கிரவல் (சரளை) கலந்தது. நடுச் சரிவில் இருவாட்டி. கீழே வயலில் களி. செங்கபில மண்ணுக்கு ஒரு குணம்: காய்ந்தால் கல், நனைந்தால் சேறு, உழுவதற்குப் பதமான நாட்கள் கொஞ்சம்தான். அதனால்தான் முதல் மழையோடு புழுதி உழவு உழுதுவிட அவ்வளவு அவசரம். புழுதி விதைப்பு என்றால் ஏக்கருக்கு மூன்று புசல் (bushel) வரை போடுவார்கள், எறும்பும் குருவியும் தின்னுகிறதற்கும் சேர்த்து. சேற்றில் முளைநெல் எறிந்தால் இரண்டு புசல் காணும். ஒரு நாள் ஊறவிட்டு, வடித்து, சாக்கில் கட்டி ஒரு நாளோ ஒன்றரை நாளோ வைத்து, முளை குத்தினவுடன் விதைக்கவேணும். முளை நீண்டால் எறியும்போது முறியும்.

குளத்தில் தண்ணீர் குறைவென்றால் நெல்லின் வயதைக் குறைப்பார்கள். பி.ஜி. 300 மூன்று மாதம். பி.ஜி. 352, ஏ.ரி. 362 மூன்றரை மாதம். பதினைந்து நாள் வித்தியாசம் என்பது இரண்டு தரம் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீர். மலரில் நெல்லினத்தின் பெயரையும் போடுங்கோ. முப்பது வருசத்துக்குப் பிறகு வாசிக்கிறவருக்கு அது வரலாறு.

கடைவயல் | செப்ரெம்பர் 2

தம்பி பண்டாரவன்னியனுக்கு ரெண்டு பக்கம் எண்டவர். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

அலைகரை | செப்ரெம்பர் 3

அவரை விடச் சொல்லவில்லை. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதே வருசம் ஒக்ரோபர் 31-இல் கற்சிலைமடுவில் பிரித்தானியப் படையிடம் தோற்றார். ஆனால் உங்கட ஊர் வரலாற்றில் அவருக்கு இரண்டு வரிதான் இடம், ஊரோடு தொடுக்கிற அளவுக்கு. உங்கட பக்கத்துப் பனங்காமம் வன்னியர் காலத்துப் பற்று ஒன்றின், அதாவது ஆட்சிப் பிரிவு ஒன்றின், பெயர். கருநாவற்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை போல. அந்த வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானை கொடுத்தார்கள். யானை பிடிக்கிற காடும் நெல் விளைகிற குளமும் ஒன்றாய் இருந்த நாடு இது. ஆட்சி உடைந்தது, காய்ச்சல் வந்தது, கட்டைப் பார்க்க ஆளில்லாமல் போனது. அம்மம்மா கண்ட பாலையும் மருதும் அந்த இடைக்காலத்தில் வளர்ந்தவை.

பிறகு நடந்ததை வீடு வீடாகக் காணிப் பத்திரத்தில் வாசிக்கலாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேணும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: உங்கட காணிக்கு இருப்பது உறுதியா (சொந்தக் காணிப் பத்திரம்), பெர்மிட்டா (அரச காணி அனுமதிப் பத்திரம்), அளிப்பா (பெர்மிட்டுக்குப் பிறகு அரசு தரும் பத்திரம்), ஒன்றுமில்லையா? உறுதி என்றால் பழைய குடி. பெர்மிட் என்றால் 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிக் கச்சேரி, அதாவது காணி பங்கிடும் அரச கூட்டம், வைத்துக் கொடுத்தது. பெர்மிட் திகதிகளை வரிசைப்படுத்தினால் குடியேற்ற அலைகள் தானாகத் தெரியும். இரணைமடு 1902-இல் தொடங்கி 1920-இல் முடிந்தது, 1930-களில் கிளிநொச்சிக் குடியேற்றம். உங்கட பக்கத்துக்கு வவுனிக்குளம் திருத்தின 1950-களும் 60-களும். அதன் பிறகு படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டங்கள். 1970-களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை மறித்தபோது வன்னியில் செத்தல் மிளகாய் பவுண் மாதிரி. 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்தவுடன் விலை விழுந்தது. அதே 1977-இன் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களில் பலருக்கு நெடுங்காலம் பத்திரமே இல்லை. அதையும் எழுதவேணும். காட்டை வெட்டிக் கழனியாக்கின கைகளில் அவர்களுடைய கை பெரும்பங்கு. ஊர் வரலாறு என்று போடுகிற மலர்களில் அவர்களுடைய தெரு மட்டும் விடுபட்டுப் போவது பெரிய அநியாயம்.

1995, 96-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்கள், 2008, 2009-இல் போரோடு ஊரே எழும்பிப் போனது, மெனிக்பாம் முகாம், மீள்குடியேற்றம். அந்தப் பகுதியை நீங்கள்தான் எழுதவேணும். ஒன்று மட்டும்: எந்த மாதம் ஊர் வெறுமையானது, எந்த மாதம் முதல் குடும்பம் திரும்பியது, முதல் விதைப்பு எந்தப் போகம், எத்தனை ஏக்கர். இந்த நாலும் கட்டாயம்.

நாவலடி | செப்ரெம்பர் 3

பத்திரம் தொலைச்ச வீடுகள் நிறைய இருக்கும். கமநல சேவை நிலையத்தில வயற்காணி இடாப்பு (பதிவேடு) இருக்கு, வெளியின்ர பெயர், பரப்பு, செய்கைக்காரர் எல்லாம் அதில வரும். நில அளவைத் திணைக்களத்தின்ர கிராமப் படமும் கேளுங்கோ. பழைய படத்தில குளத்தைக் கைவிட்ட குளம் எண்டு குறிச்சிருந்தால் உங்கட அம்மம்மா சொன்னதுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சம்பவத்திரட்டுப் புத்தகம் தப்பியிருந்தால் வெள்ளத்துக்குப் பூட்டின நாட்களும் அதில கிடக்கும்.

இன்னொண்டு, பழைய உறுதியில பரப்பு எண்ட நில அளவுக் கணக்கு வந்தால் கவனம். ஏக்கருக்கு 16 பரப்பு எண்டது மேட்டுக்காணிக் கணக்கு. நெற்காணிக்கு 24. ரெண்டையும் குழப்பினால் ஊரே பெருத்துப்போகும்.

பாலையடி | செப்ரெம்பர் 15

அவசரம். குளத்தை ஆழமாக்க மெசின் வருதாம், அடுத்த கிழமை. கட்டோட சேத்து ஆறடி வெட்டி, அந்த மண்ணாலயே கட்டை உயர்த்துறதாம். ஊர் முழுக்கச் சந்தோசம். நல்லதுதானே?

அலைகரை | செப்ரெம்பர் 15, ஒரு மணித்தியாலத்தில்

கட்டோடு சேர்த்து வெட்ட விடவேண்டாம். இன்றைக்கே கமக்காரர் அமைப்பைக் கூட்டுங்கோ.

கட்டின் உள்கால்தான் கட்டைத் தாங்குகிறது. அதை வெட்டினால், நிறைந்த குளத்தில் தண்ணீர் வேகமாய் இறங்கும்போது கட்டு குளத்துக்குள்ளேயே சரியும். இரண்டாவது, அடியில் படிந்த களிதான் குளத்தின் தோல். அதை உரித்தால் கீழே மணலோ உக்கல் பாறையோ வந்து, தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். மூன்றாவது, துருசுக்குக் கீழே வெட்டுகிற ஒவ்வோர் அடியும் வயலுக்கு வராத தண்ணீர்.

வண்டல் கூடுதலாய்ப் படிவது மேல்முனையில், தண்ணீர் குளத்துக்குள் வரும் அலைகரைப் பக்கத்தில். அங்கே துருசு மட்டத்துக்கு மேலே எடுக்கட்டும். எடுத்த வண்டலை வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றலாம். கட்டை உயர்த்த அது உதவாது, உக்கல் கலந்த மண் இறுகாது. கட்டில் முதலில் நிரப்பவேண்டியது மாடு ஏறிப் பதிந்த அந்தப் பள்ளம். ஆறங்குலத் தட்டாய்ப் போட்டு, நனைத்து, இறுக்கி. மாட்டுக்குக் கிரவல் போட்டு வேறு இறக்கம் வைத்துக் கொடுங்கோ.

அலைகரை | செப்ரெம்பர் 16

நேற்றையதோடு ஒன்று. கட்டில் நிற்கிற பெரிய மரங்களை மெசின் வந்த கையோடு தறிக்கச் சொல்லுவார்கள். தறித்துவிட்டு வேரை உள்ளே விட்டால் ஏழெட்டு வருசத்தில் வேர் உக்கிக் குழாயாகும், அதால் தண்ணீர் ஊசிபோல வரும். தறித்தால் வேரோடு கிண்டி, மண் போட்டு இறுக்கவேணும். அதைச் செய்ய வசதியில்லையென்றால் உயிர் மரத்தை விடுங்கோ. அறுபது வயது மருது இப்போதைக்குத் தீங்கு செய்யாது. கட்டில் இருக்கிற கறையான் புற்றுகளைத்தான் உடைத்துப் பார்க்கவேணும், உள்ளே வெறுமையாய் இருக்கும்.

பாலையடி | செப்ரெம்பர் 24

மெசின் மேல்முனையிலதான் வெட்டுது. சண்டைபிடிச்சுத்தான் நடந்தது. மாடு ஏறின பள்ளமும் நிரப்பியாச்சு.

நாவலடி | நவம்பர் 27

எல்லாருக்கும்: வானுக்கு மேல மண்மூட்டை அடுக்கியிருந்தால் இண்டைக்கே எடுங்கோ. ஓரடி தண்ணி கூடச் சேக்கலாம் எண்டு அடுக்கிறது, ராத்திரி வெள்ளம் வரேக்க ஒருத்தராலும் எடுக்கேலாது. வான்மட்டத்துக்கும் கட்டின்ர தலைக்கும் இடையில இருக்கிற நாலடிதான் ஊரின்ர உயிர். 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திடாதேங்கோ. மேல இருக்கிற குளம் ஒண்டு உடைஞ்சால் கீழ தொடரில இருக்கிற எல்லாத்துக்கும் அந்தத் தண்ணி வரும்.

பாலையடி | நவம்பர் 28

எடுத்தாச்சு அக்கா. பதினொரு மூட்டை. விடியக் காலமை நாலு மணிக்கு வான் பாயத் தொடங்கிட்டுது. கட்டில கசிவு இல்லை.

பாலையடி | பெப்ரவரி 9

சூடடிச்சு முடிஞ்சுது, புது நெல்லில புதிரும் எடுத்தாச்சு. இப்பதான் எழுத இருந்தனான். வயல்வெளித் துண்டுகளின்ர பெயர்களை ரெண்டு பேரிட்டத் தனித்தனியாக் கேட்டன்: முன்வயல், நாவலடிவெளி, மோட்டைவயல், ஐயனார்பங்கு, பழந்துருசடி, கொட்டில்வெளி, கடைவயல். ஆறு பெயர் ரெண்டு பேரும் ஒரேமாதிரிச் சொல்லிச்சினம். பழந்துருசடியை மட்டும் அம்மம்மா தனியச் சொன்னவ. அதை விடப்போறன், ஏனெண்டால் அங்க துருசு ஒண்டும் இல்லை. இப்ப இருக்கிற துருசு அதுக்கு 400 அடி மேற்கால.

அலைகரை | பெப்ரவரி 9

400 அடி கிழக்கே என்றால் கட்டின் வளைவு இருக்கிற இடம் அல்லவா? ஓகஸ்ட் 19-இல் நீங்கள் எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ.

சின்னக் குளங்கள் கூடுதலாக உடைவது துருசடியில்தான். குழாயின் வெளிப்பக்கத்தோடு தண்ணீர் வழி பிடிக்கும், மண்ணைக் கழுவும், ஒரு நாள் முழுதாய்ப் போகும். பழைய துருசு அந்த இடத்தில் இருந்து, அதோடு கட்டு போய், திருத்தினவர்கள் கிடங்கைச் சுற்றி வளைத்துக் கட்டி, துருசை மேற்கே மாற்றியிருக்கவேணும். ஒருவர் மட்டும் சொன்ன பெயர் என்று விடாதேங்கோ. ஒப்பிடச் சொன்னவன் நான்தான், ஆனால் அது பிழையைப் பிடிக்கிறதற்கு, அரிதானதைக் கழிக்கிறதற்கு இல்லை. வயல் காய்ந்து கிடக்கிறது. கிடங்கின் ஓரத்தில் போய்ப் பாருங்கோ.

பாலையடி | பெப்ரவரி 16

ரெண்டு கல். ஒண்டு நாலடி நீளம், மற்றது பாதி மண்ணுக்குள்ள. உளி அடிச்ச தழும்பு வடிவாத் தெரியுது, ஒரு முனையில சதுரமா ஒரு துளை, என்ர உள்ளங்கை போகும். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். சின்னனில அந்தக் கல்லில இருந்துதான் உடுப்புத் தோய்ச்சதாம்.

அலைகரை | பெப்ரவரி 16

கல்லைக் கிளப்ப வேண்டாம், கோயிலுக்கும் கொண்டுபோக வேண்டாம். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். பக்கத்தில் ஓரடிக் கோல் வைத்து நாலு பக்கத்தாலும் படம் எடுங்கோ, ஒரு படத்தில் கட்டின் வளைவும் சேர்ந்து விழவேணும். துளையின் ஆழத்தையும் அளவுங்கோ. அம்மம்மா உடுப்புத் தோய்த்த வருசம் எது, அப்போது துருசு மேற்கே போய்விட்டதா என்று கேட்டு எழுதுங்கோ.